சொந்த ஊரில் இதுவரை செய்யாத ஒன்று: காரைக்குடிப் பக்கம் எதில் தொடங்கலாம்?

செக்காலைக்காரி

நாலு நாள் லீவு கிடைத்தால் கொடைக்கானல், மூணாறு என்று கிளம்பிவிடுகிறோம். அதே நாட்களில் எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கானாடுகாத்தான் தெருக்களில் சைக்கிள் மிதித்துப் போகிறார்கள். காரைக்குடியில் பிறந்து, இங்கேயே வாக்கப்பட்டு, இங்கேயே வேலை பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்கு ஊர் என்பது சில கோயில்கள், சில கல்யாண மண்டபங்கள், பஸ் ஸ்டாண்டு என்று சுருங்கிக் கிடக்கிறது. குன்றக்குடி முருகனைப் பார்க்க மலையேறுகிறோம். அதே மலையின் அடிவாரத்தில் பாறையைக் குடைந்த பழைய சிவன் கோயில்கள் இருக்கின்றன. அந்தப் பக்கம் திரும்புகிறவர்கள் எத்தனை பேர்?

இனி மாசம் ஒரு ஞாயிறு, நம் வட்டாரத்திலேயே இதுவரை செய்யாத ஒன்றைச் செய்வது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறோம். கூட வருவது காலேஜ் படிக்கும் மகள், எட்டாவது படிக்கும் மகன், முடிந்தால் மாமியார். கார் கிடையாது. டவுன் பஸ்ஸில் போய் இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். போய் நின்று போட்டோ எடுத்துவிட்டு வருவதில் எனக்கு விருப்பமில்லை. ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அந்த வேலையைச் செய்கிற ஒருவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். எங்கே போகலாம், சொல்லுங்கள்.

பள்ளத்தூரான்

ஆத்தங்குடிதான் முதலில். வேறு யோசனையே வேண்டாம். பெரிய வீட்டை எல்லோரும் பார்க்கிறார்கள், நீங்களும் பாருங்கள். ஆனால் நேரத்தை, தரையில் பதிக்கிற பூக்கல் செய்யும் பட்டறையில் செலவழியுங்கள். உங்கள் மகன் வயதுப் பிள்ளைகள் அங்கே போனால் கிளம்ப மனசு வராது.

ஆத்தங்குடிப் பட்டறை

எங்கள் குடும்பத்தில் தலைமுறையாக இந்த வேலைதான், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

ஒரு கண்ணாடித் துண்டுதான் அடித்தளம். அதன்மேல் சதுரமான இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ அச்சை வைத்து, அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் அதற்குரிய நிறத்தை ஊற்றுவோம். சிமெண்டில் நிறப்பொடியைக் கரைத்த குழம்பு அது, தோசை மாவைவிடக் கொஞ்சம் இளக்கமாக இருக்கும். வேலையின் உயிரே அச்சைத் தூக்குகிற இடம்தான். கை நேராக மேலே வர வேண்டும். ஒரு நூல் சாய்ந்தாலும் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். அப்புறம் உலர்ந்த சிமெண்டும் மணலும் கலந்த பொடியைத் தூவுவோம். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதற்கு மேல் ஈரக் கலவையைப் போட்டுக் கொத்தனார் கரண்டியால் மட்டம் தட்டிச் சட்டத்தை எடுத்துவிடுவோம். கண்ணாடியோடு ஒரு நாள் காய்ந்ததும் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிச் சில நாள் ஊறவிட்டு, எடுத்து வெயிலில் வைத்தால் கண்ணாடி பிரிந்து வந்துவிடும். கல்லின் முகத்தில் இருக்கிற மினுமினுப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. சூளை கிடையாது, தீ கிடையாது. எங்கள் ஊர் மணலும் வெயிலும் தண்ணீரும் கையும்தான்.

ஒரு விஷயம் மனசில் வையுங்கள். இங்கே பலருக்குக் கல் கணக்கில் கூலி. ஒரு கூட்டம் சுற்றி நின்று ஆளுக்கு ஒன்று போட்டுப் பார்க்கிறேன் என்றால் அன்றைய சம்பாத்தியம் போய்விடும். செய்து பழக ஆசைப்படுகிறவர்கள் முன்னாலேயே பட்டறையில் பேசி, செலவாகும் நேரத்துக்கு ஒரு தொகை கொடுத்துவிடுங்கள். நின்று பார்த்துப் பேசிவிட்டுப் போகிறவர்களை நாங்கள் எப்போதும் வரவேற்கிறோம். காலையில் வந்தால் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம், கல்லே காயாது.

செக்காலைக்காரி

ரொம்ப நன்றி அண்ணே. கூலி விஷயம் சொன்னது நல்லதாயிற்று. தொகை பேசிக்கொண்டே வருகிறோம்.

கானாடுகாத்தான் வளவு

என் பங்குக்கு ஒரு வருத்தத்தையும் ஒரு யோசனையையும் சொல்கிறேன்.

வருத்தம் இதுதான். எங்கள் வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது. விசேஷத்துக்கு எல்லோரும் கூடுவார்கள், மற்ற நாட்களில் என் பெரியம்மா மட்டும் இருப்பார். முகப்புக் கதவு திறந்திருந்தால் போதும், செருப்போடு வளவுக்குள், அதாவது வீட்டின் நடு முற்றம் வரை, வந்து நின்று செல்போனைத் தூக்குகிறார்கள். சாமி வீட்டு வாசலில் நின்று ரீல்ஸ் எடுத்தவர்களும் உண்டு. வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது என்று விட்டுவிடலாம். மதுரையிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் வருகிறவர்களுக்குமா தெரியாது? சொந்த ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்புகிற எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்: பூட்டாத வீடு என்பது பொதுச் சொத்து இல்லை. கூப்பிட்டுக் கேளுங்கள். உள்ளே வாங்க என்றால் வாருங்கள்.

யோசனை: மழை பெய்கிற நாளில் எங்கள் பக்கம் வாருங்கள். எல்லோரும் தேக்குத் தூணையும் இத்தாலிப் பளிங்கையும் பார்க்கிறார்கள். இந்த ஊர்களைக் கட்டியவர்கள் அதைவிட அதிகம் யோசித்தது தண்ணீரைப் பற்றி. நாலு பக்கத்து ஓடும் வளவு முற்றத்தை நோக்கிச் சரிந்திருக்கும். கூரை ஓரத்துத் தகரத் தூம்பில் இறங்குகிற நீரை அண்டாவில் பிடித்து வைத்தது போக, மிச்சம் முற்றத்து வடிகால் வழியே தெருக் கால்வாய்க்குப் போய், அங்கிருந்து ஊருணியில் சேரும். தெருக்களை நேர் நேராகக் கட்டம் போட்டு அமைத்ததும் இந்த ஓட்டத்தோடு சேர்ந்த வேலைதான். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்களைச் சேர்த்தபோது, தனித்தனி மாளிகை என்று இல்லாமல் ஊர்த் தொகுதியாகவே சேர்த்தார்கள். குடையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய்க்காலின் பின்னாலேயே நடந்து பாருங்கள். எங்கே அடைத்திருக்கிறது, எங்கே மேலே வீடு கட்டிவிட்டார்கள், எந்த ஊருணிக்குத் தண்ணீரே வருவதில்லை என்று தெரியும். பிள்ளைகளோடு செய்ய வேண்டிய காரியம் இது.

திருப்பத்தூர் நாரை

ஐப்பசியில் ஆத்தங்குடி ஆகாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். அந்த மாசங்களை எங்களுக்குக் கொடுங்கள். திருப்பத்தூரிலிருந்து மதுரை போகும் சாலையில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள். மழை பிடித்துக் கண்மாய் நிறைந்தால் நத்தைகுத்தி நாரை, சாம்பல் நாரை, பாம்புத்தாரா, உண்ணிக்கொக்கு எல்லாம் கருவேல மரங்களில் வந்து அடையும். மார்கழி, தையில் குஞ்சுகளைப் பார்க்கலாம்.

தீபாவளிக்கு இந்த ஊர்க்காரர்கள் வெடி போடுவதில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், வருஷாவருஷம் பேப்பரில் வருகிறது. பறவை பயந்து ஓடிவிடக் கூடாது என்று ஊரே சேர்ந்து எடுத்துக்கொண்ட கட்டுப்பாடு. நேரில் போனால் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து அந்த ஊர்ப் பெரியவர்களிடம் பேசுங்கள். எந்தப் பறவை எந்த வாரம் வரும், எந்த மரத்தில் கூடு கட்டும் என்று அவர்கள் சொல்வது எந்தப் பலகையிலும் எழுதியிருக்காது. அதிகாலையில் போக முடியாதவர்கள் சாயங்காலம் நாலு மணிக்குக் கரையில் இருங்கள். இரை தேடப் போனவை கூட்டமாகத் திரும்புகிற நேரம்.

அழகப்பா மாணவி

முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளைச் சொல்லத் தோன்றியது. மங்குச் சாமான், பெட்டகம், ரவிவர்மா படங்கள், பித்தளை அண்டா என்று ஒரு காலத்து வீடு முழுக்க அங்கே இருக்கிறது. ஆனால் போன தடவை ஒரு நிலைக்கதவு சுவரில் சாத்தியிருந்தது. கஜலட்சுமி செதுக்கிய மேல்படி, பக்கத்தில் குழந்தை உயரத்தை அளந்து கத்தியால் கீறிய கோடுகள். அதைப் பார்த்த பிறகு அந்தத் தெருவை யாருக்கும் பொழுதுபோக்காகச் சொல்ல மனசு வரவில்லை.

பள்ளத்தூரான்

தங்கச்சி, உன் மனசு புரிகிறது. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஐம்பது பங்கு இருக்கிற வீட்டில் ஓடு மாற்றக்கூட எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். மழை இறங்கி உத்தரம் செல்லரித்த பின்னால் இடிப்பதைத் தவிர வழியில்லாமல் போகிறது. அந்தக் கடைக்காரர்கள் வாங்காவிட்டால் அந்த நிலைக்கதவு விறகாகியிருக்கும். அவர்களில் சிலருக்கு எந்த மரம், எந்த ஊர் வேலை, எந்தத் துறைமுகத்தில் இறங்கியது என்று கையால் தடவியே சொல்லத் தெரியும். அந்த அறிவுக்காகவே போய்ப் பேச வேண்டும் என்பேன்.

அழகப்பா மாணவி

விறகாகியிருக்கும் என்பது சரி அண்ணே. ஆனால் வாங்க ஆள் இருப்பதால்தான் நன்றாக இருக்கிற வீடுகளையும் பிரிக்கிறார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். போகலாம், பேசலாம். தூணும் கதவும் வாங்கக் கூடாது என்பதுதான் என் நிலை. மங்குச் சட்டி ஒன்று வாங்குவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

வேளார் தெரு

இவ்வளவு நேரம் படித்தேன். வீடு, வீட்டுக் கதவு, வீட்டுத் தரை. செட்டிநாடு என்றால் இதுதானா? அந்த வீடுகளைக் கட்டிய கொத்தனார், ஆசாரி, சுண்ணாம்பு அரைத்தவர், சட்டி பானை கொடுத்தவர் எல்லோரும் இதே மண்ணில்தான் இருந்தார்கள், இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஐயனார் கோயில்களில் வரிசையாக நிற்கிற மண் குதிரைகளைப் பஸ்ஸில் போகும்போது எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அவை எப்படி வந்து நிற்கின்றன என்று கேட்டவர் குறைவு.

மண் குதிரை செய்து கோயிலுக்குத் தூக்கிப் போகும் விழாதான் புரவி எடுப்பு. எடுப்பது என்று ஊர் முடிவு செய்ததும் பிடிமண் எடுத்து, மண் வேலை செய்கிற வேளாரிடம் கொடுப்பார்கள். அதிலிருந்துதான் வேலை தொடங்கும். கண்மாய்க் களிமண்ணை மிதித்து, மணலும் வைக்கோலும் சேர்த்துப் பிசைவோம். முதலில் நாலு கால். உள்ளே கூடாகத் திரித்து நிறுத்தி, அது கொஞ்சம் இறுகிய பிறகுதான் வயிறு. வயிறு இறுகிய பிறகு கழுத்து. அவசரப்பட்டால் மேல் பாரம் தாங்காமல் கால் விரிந்துவிடும், அத்தனையும் மண்ணாகிவிடும். தலையும் காதும் கடைசியில். காய்ந்ததும் சுட்டு, வண்ணம் அடித்து, கண் திறந்து, மாலை போட்டு ஊர்ச்சனங்கள் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு நடப்பார்கள். சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் ஐயனார் கோயில் புரவி எடுப்பு பெயர் பெற்றது. சின்ன ஊர்களிலும் மழை வேண்டி, நேர்த்திக்கடன் என்று எடுக்கிறார்கள்.

புரவி எடுப்புக்குச் சில வாரம் முன்னால் வாருங்கள். விழா அன்று குதிரை மட்டும் தெரியும். முன்னால் வந்தால் மண் தெரியும்.

செக்காலைக்காரி

நீங்கள் சொன்னது மனசில் தைத்தது. வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எங்கள் திட்டத்தில் புரவிக்கு முதல் இடம். தேதி தெரிந்ததும் இங்கேயே சொல்லுங்கள் அண்ணே, நாங்கள் வருகிறோம்.

தறிச்சத்தம்

நம் ஊர்க் கைத்தறிக் கண்டாங்கிப் புடவையை யாரும் சொல்லாததால் நான் சொல்கிறேன். 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு பெயர் பரவியது, பெயரை மட்டும் ஒட்டிக்கொண்ட விசைத்தறிப் புடவைகளும் பரவின. என் அக்கா ஒரு கடையில் நல்ல விலை கொடுத்து அப்படி ஒன்றை வாங்கி வந்தாள்.

தறி இருக்கிற வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பாவு நீளவாக்கில் இழுத்திருக்கும். கட்டம் விழ வேண்டுமென்றால் பாவிலும் நிறம் மாற வேண்டும், குறுக்கே ஓடுகிற ஊடையிலும் அதே கணக்கில் நிறம் மாற வேண்டும். நெய்கிறவர் ஊடை நூலைக் கொண்டுபோகிற நாடாவை மாற்றி மாற்றி எடுப்பதைக் கவனித்தால் அந்தக் கணக்கு பிடிபடும். அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு, அகலமான கரை. பழைய கண்டாங்கி இப்போதைய புடவையைவிட அகலம் குறைவு, கணுக்காலுக்கு மேலேயே நிற்கும், வேலை செய்யத் தோதாகக் கட்டியது. பருத்தி கெட்டியாக இருக்கும். துவைக்கத் துவைக்க இளகும். அக்காமார் யாராவது கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கும்போது கூடவே இதில் ஒன்றைத் தறிக்காரரிடமே எடுத்தால், பார்த்ததற்கும் ஒரு பலன் இருக்கும்.

கோட்டையூர் வாசகன்

கை வேலைகளையே எல்லோரும் சொல்கிறீர்கள், அறிவு வேலையும் இந்த மண்ணில் நடந்தது. எங்கள் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் துண்டு நோட்டீசையும்கூட வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. இன்று அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. அதே கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரி நம் ஊருக்கு வந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். தினமும் அந்தச் சுற்றுச்சுவரை ஒட்டித்தான் பஸ் போகிறது. செப்டம்பர் 26, சிக்ரியின் தாய் அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் நிறுவன நாள். அதையொட்டிப் பொதுமக்களையும் மாணவர்களையும் ஆய்வகங்களுக்குள் அனுமதிப்பது வழக்கம். முன்னதாகவே அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு மகனை அழைத்துப் போங்கள். பேட்டரியும் துருப்பிடிக்காத பூச்சும் எப்படி வேலை செய்கின்றன என்பதை விஞ்ஞானியே விளக்க, ஒரு காரைக்குடிப் பிள்ளை கேட்க வேண்டாமா?

பங்குனியில் கம்பன் விழாவும் இருக்கிறது. சா. கணேசன் 1939இல் கம்பன் கழகத்தைத் தொடங்கினார். மகம், பூரம், உத்திரம் மூன்று நாளும் காரைக்குடியில், அத்தம் அன்று கம்பன் அடங்கிய நாட்டரசன்கோட்டையில். முழுநாள் உட்கார முடியாவிட்டாலும் மாலையில் ஒரு பட்டிமண்டபம் கேளுங்கள்.

காரை மெக்கானிக்

எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா வாரம் ஆறு நாள் வேலை பார்க்கிறவனுக்கு ஞாயிறு தூங்கத்தான் தோணும். இதுக்கெல்லாம் நேரமும் காசும் இருக்கணும்.

திருப்பத்தூர் நாரை

தம்பி, நேரம் உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. காசைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கண்மாய்க் கரையில் நிற்பதற்கு என்ன செலவு? சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் டிக்கெட் கிடையாது. முழு ஞாயிறு வேண்டாம், சாயங்காலம் மட்டும் வாருங்கள். பைக்கில் நேரே வந்தால் போதும், நான் கரையில் இருப்பேன்.

தேவகோட்டை ஆச்சி

ஆத்தா செக்காலைக்காரி, எல்லோரும் உன்னை வெளியே கூப்பிடுகிறார்கள். நான் அடுப்படிக்குக் கூப்பிடுகிறேன்.

ஹோட்டல் பலகையில் செட்டிநாடு என்று போட்டால் காரம் என்று ஆகிப்போச்சு. எங்கள் வீட்டுப் பலகாரத்தில் காரம் எவ்வளவு இருக்கிறது சொல்லு? பால் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி, கும்மாயம், கல்கண்டு வடை. கவுனி அரிசி பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வியாபாரத்துக்கு, போனவர்களோடு வந்தது. இதையெல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகள் விசேஷ வீட்டில் சமையல்காரர் போட்டுச் சாப்பிடுகிறார்களே தவிர, செய்யத் தெரிந்தவர் குறைந்துவிட்டோம்.

முதலில் வெள்ளைப் பணியாரம் கற்றுக்கொள். பச்சரிசியை டம்ளரில் தலை தட்டி அள. அந்தத் தட்டின அரிசிக்கு மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவி. அவ்வளவுதான் உளுந்து, வேறு அளவு கிடையாது. ரெண்டையும் சேர்த்து ரெண்டு மணி நேரம் ஊறவிட்டு, வெண்ணெயாக அரைத்து, உப்பும் கொஞ்சம் பாலும் சேர்க்கணும். புளிக்கவே கூடாது, அரைத்த கையோடு ஊற்றணும். கரண்டியில் மொண்டு காய்ந்த எண்ணெயில் ஒன்றே ஒன்று ஊற்று. தானே மேலே வரும், நீ துழாவக் கூடாது. ஓரம் மட்டும் மொறுமொறு என்று பூ மாதிரி நிற்கும், நடு வெள்ளையாகவே இருக்கும். சிவந்தால் எண்ணெய் அதிகம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். தொட்டுக்கொள்ள வரமிளகாய்த் துவையல்.

தையில் வந்தால் நாட்டரசன்கோட்டைச் செவ்வாய்ப் பொங்கலுக்கும் சேர்த்து அழைத்துப் போகிறேன். பொங்கல் கழிந்த முதல் செவ்வாய், கண்ணுடைய நாயகி கோயில் முன்னால் நூற்றுக்கணக்கான பானை ஒரே நேரத்தில் பொங்கும். யார் பானை முதலில் என்று சீட்டுக் குலுக்கித்தான் எடுப்பார்கள். பணக்காரன் ஏழை என்று வரிசை கிடையாது.

கானாடுகாத்தான் வளவு

ஆச்சி, என் மகளுக்கும் சேர்த்து ஒரு இடம் போடுங்கள். இருபத்தி மூணு வயசு, கோயம்புத்தூரில் வேலை. ஞாயிறு வருகிறாள்.

தேவகோட்டை ஆச்சி

வரட்டும். அடுப்படி பெரியது.

செக்காலைக்காரி

ஆத்தங்குடிக்குப் போய் வந்துவிட்டோம். பட்டறையில் முன்னாலேயே பேசி, தொகையும் முடிவு செய்துகொண்டு போனோம். மகன் போட்ட முதல் கல்லில் பச்சை முழுக்க மஞ்சளுக்குள் போய்விட்டது. பக்கத்தில் இருந்த அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்து, மூச்சை நிறுத்திக்கொண்டு தூக்கு என்று சொல்லிக் கொடுத்தார். அடுத்ததில் நாலு இதழும் பிரிந்து விழுந்தன. தண்ணீரிலிருந்து எடுக்கும் நாளில் திரும்ப வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். மாமியார் வரமாட்டேன் என்றவர், வந்து அந்த அக்காவோடு ரெண்டு மணி நேரம் பேசினார். அவர் பிறந்த வீட்டுத் தரையின் பூ வடிவத்தைச் சொல்லச் சொல்ல, பரணிலிருந்து அதே அச்சை எடுத்துக் காட்டினார்கள்.

ஆச்சி, அடுத்து உங்கள் வீடுதான். நாங்கள் நாலு பேர். அரிசி, உளுந்து நான் கொண்டுவருகிறேன். எத்தனை மணிக்கு வரட்டும்?

தேவகோட்டை ஆச்சி

பன்னிரண்டு மணிக்கு ஊறப்போட்டால்தான் மூணு மணிக் காப்பிக்குப் பணியாரம் வரும். அதனால் பதினொன்றரைக்குள் வந்துவிடு, மத்தியானச் சாப்பாடும் இங்கேதான். உளுந்து கொண்டுவரலாம். அரிசி வேண்டாம், புது அரிசியாக இருந்தால் எண்ணெய் குடிக்கும், என்னிடம் பழசு இருக்கிறது. மாமியாரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு வா.